இரட்டைப்படை

ஏப்ரல் முதல் வாரம். ஹீயுமா தீவு.
கரையோரத்தில் பனிக்கட்டி இன்னும் மிதக்கிறது.
கோழிவலைக் கம்பியைக் கிண்ணத்துக்குள்
சுருட்டித் திணித்துக்கொண்டிருந்தேன்.
பச்சை நுரைக்கட்டியைக் கைவிட்டு ஆறு வருஷமாகிறது.
அது தண்ணீரில் கரையாது, மண்ணில் மக்காது,
நகக்கண்ணில் ஏறினால்
ராத்திரி ரொட்டி பிட்கும்போதும் இருக்கும்.

ஹெல்யு வந்தாள். தொப்பியைக் கழற்றவில்லை.
"கால்யோ போய்விட்டான். சனிக்கிழமை அடக்கம்.
குளிர்பெட்டியில் வந்த பூ
ஒன்றுகூட வேண்டாம்."

இருபத்திரண்டு வருஷம்
கால்யோ ஓட்டியது குளிர்லாரி.
ஆல்ஸ்மேரில் ஏற்றி தாலினில் இறக்குவான்.
முதுகுக்குப் பின்னால் இரண்டு டிகிரியில் ரோஜாக்கள்,
பூமத்திய ரேகைப் பக்கம் பறித்தவை,
மூட்டை மூட்டையாக, மொட்டு திறக்காமல்.
வீட்டுக்கு வந்தால் அவன் சட்டையில்
வாசனை இருக்காதாம். குளிர் மட்டும் இருக்குமாம்.
"தூங்கவைத்துக் கூட்டிவருகிறேன்,
விழித்ததும் சாகப்போகிறவர்களை,"
என்பானாம் சூப்பை ஊதிக்கொண்டே.

என்னிடம் இருந்ததைச் சொன்னேன்.
ஆகஸ்டில் தலைகீழாய்த் தொங்கவிட்ட வைக்கோல்பூ.
ஆல்டர் காய்.
பஞ்சுமொட்டு வெடித்த வில்லோ குச்சி.
பனிக்கடியிலும் நிறம் மாறாத லிங்கன்பெரி இலை.
ஜூனிப்பர்.
"செத்ததுதானே எல்லாம்?"
"ஜூனிப்பர் சாகவில்லை," என்றேன்.
தொட்டுப் பார்த்தாள். குத்தியது.
"சரி," என்றாள்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை.
வெள்ளிக்கிழமை மத்தியானம்
என் வீட்டுக் கல்மதிலின் தெற்குச் சரிவில்
முழங்காலிட்டு ஹேசல் சருகை விலக்கினேன்.
இருந்தது.
இங்கே அதற்குப் பெயரே நீலப்பூதான்,
வேறு பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.
பூனைக்குட்டிக் காதுபோல் காம்பெல்லாம் மயிர்.
வெயில் பட்டால் விரியும், மேகம் வந்தால் மூடிக்கொள்ளும்.
எண்ணினேன். ஏழு.

எங்கள் கணக்கு இது:
உயிரோடிருப்பவருக்கு ஒற்றைப்படை,
இறந்தவருக்கு இரட்டைப்படை.
பிறந்தநாளுக்குத் தவறி நாலு கொடுத்தவனை
வாசலிலேயே நிறுத்திய கதையெல்லாம் உண்டு.
ஆறு பறித்தேன்.
ஏழாவதை எறும்புக்கு விட்டேன்.
இதன் விதையை இழுத்துப்போய் விதைப்பது அதுதான்,
கூலியாக ஒரு துளி கொழுப்புக்கு.

சனிக்கிழமை.
கல்லறைவரை பாதையெங்கும் தளிர்மரக் கிளைகள்.
மிதித்தால் பிசின் மணம்.
வலைக்குள் ஜூனிப்பர், வில்லோ,
நடுவில் ஈரப்பாசி சுற்றி ஆறு நீலம்.
மேகம். ஆறுமே மூடியிருந்தன.
எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

ஹெல்யு குனிந்தாள்.
உறைபோட்ட விரலால் எண்ணினாள்.
ஒன்றை மட்டும் மெல்ல உருவி
உள்ளங்கை உறைக்குள் செருகிக்கொண்டாள்.
நாத்தனார் மைமு மூச்சை இழுத்தாள்:
"ஐந்தாகிவிட்டதே!"

"சொன்ன நாளில் அவன்
எப்போது வந்து சேர்ந்திருக்கிறான்?
இன்னும் பாதி வழியில்தான் இருப்பான்,"
என்றாள் ஹெல்யு.
போதகர் பக்கத்தைப் புரட்ட மறந்து நின்றார்.
பிறகு புரட்டினார்.

மே மாதம் கடை வாசலில் ஒரு பொட்டலம்.
செய்தித்தாளில் சுற்றிய என் கம்பிவலை,
கழுவி, துடைத்து. கூடவே ஒரு சீட்டு:
"ஒரு பக்கம் துருப்பிடித்திருக்கிறது.
வில்லோ குச்சி ஒன்று வேர்விட்டிருந்தது.
அதைத் திருப்பித் தரமாட்டேன்."

ஜூனில் துறைமுகத்துப் பெண்ணுக்குக் கல்யாணம்.
டெய்சி, கோதுமைவயல் நீலம், வேலியோரத்துப் பட்டாணிப்பூ,
அன்றைக்குக் காலையில் பூத்தது எதுவோ அது.
அதே வலைதான்.
துருப்பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவைத்தேன்.
இருபத்தொன்றா, இருபத்திரண்டா?
மறுபடி எண்ணினேன்.